பழைய ஹோஸைக் கழற்றிவிடு

மக்கா,

நீ அனுப்பிய பதினொரு படங்களும் வந்தன. முதல் பத்தையும் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினோராவதைக் காட்டவில்லை. அதைப் பார்த்து நான்கு நாட்களாகின்றன. போனில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் நீ சத்தம் போட்டாய், நானும் சத்தம் போட்டேன், பேச்சு பாதியில் அறுந்தது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். காரணங்கள் பின்னால் வருகின்றன, காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரங்களுக்குப் போகிற இரண்டு பிரேக் ஹோஸ்களையும், பின்னால் நடுவில் இருக்கிற ஒன்றையும் இன்றைக்கே கழற்றிவிடு. இந்த வருடம் செய்ததாகப் பார்த்து மூன்று புது ஹோஸ் வாங்கிப் போடு. அதுவரை அந்த அம்பாசிடரை ஷெட்டை விட்டு வெளியே எடுக்காதே. ஷெட்டுக்குள்ளும் ஓட்டாதே.

உன் வேலையில் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை சொல்வதுதான் என் தொழில் என்று நீ நினைக்கிறாய். நான் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்துப் படங்களும் நல்ல வேலை. பின் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருக்கிறாய். வருடத்துக்கான எண்ணும் மாதத்துக்கான புள்ளிகளும் எண்ணிவிடும்படி விழுந்திருக்கின்றன. கதவுக் கண்ணாடிகள் நான்கும் அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் செய்தவை, வண்டி பதிவான நாளுக்குச் சற்று முந்தியவை. அப்படித்தான் இருக்க வேண்டும். டைனமோவின் உடம்பில் குத்தியிருக்கும் வாரமும் வருடமும் சரி. ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்று வருடம் பிந்தியது என்று நீயே கண்டுபிடித்து, அது பிறகு மாற்றியதுதான் என்று மறைக்காமல் பட்டியலில் எழுதியிருக்கிறாய். நம்பர் தகடு பழையதாக இருந்து ரிவெட் புதிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று நான் எப்போதோ சொன்னது உனக்கு நினைவிருக்கிறது. சேஸிஸ் நம்பருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுப்பதுபோலக் காகிதத்தை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுத்திருக்கிறாய். உன் தாத்தா புதிதாக வாங்கி, ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகி, அதில் இருபது வருடம் உன் பெரியப்பா வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. அதைக் கோயம்புத்தூருக்கு லாரியில் ஏற்றிப் போய், வேலை முடிந்த நேரத்தில் கீழே படுத்துக் கிடந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாய். வேறொருவர் மகன் செய்திருந்தால் நான் பொறாமைப்பட்டிருப்பேன்.

பதினோராவது படத்தில் உன் உள்ளங்கையில் மூன்று பிரேக் ஹோஸ்கள் இருந்தன. கறுப்பாக, மினுமினுப்பாக, எங்கோ ஒரு மூடிப்போன கடையின் பின்னறையில் ஐம்பது வருடம் தூங்கியவை. முனையில் இருக்கும் உலோக வளையத்தில் வாரமும் வருடமும் தெரிந்தன. கீழே நீ எழுதியிருந்தாய்: பாக்கெட் பிரிக்காதது அப்பா, வாரம்கூடப் பொருந்துகிறது, நாளை மாட்டிவிடுவேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழி வழியாக ஊருக்கு வரப் போகிறாய். கல்யாணத்தன்று ஜெனிஷாவை அதில் ஏற்றிக்கொண்டு சர்ச்சிலிருந்து புறப்படப் போகிறாய். பின்சீட்டில் பிள்ளைகள் அடைந்துகொள்ளும். மறுநாள் அவள் வீட்டு விருந்துக்குப் பேச்சிப்பாறைப் பக்கம், அந்த ஏற்ற இறக்கங்களில். அந்த ஏழெட்டு இறக்கங்களையும் நான் நான்கு நாட்களாக மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று பஸ்ஸில் போகும்போது ஒரு வளைவில் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்தவர் காலை நகர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

முதல் போனில், ரப்பர் சாதனத்தைப் பழையதாகப் போடக் கூடாது என்று சொன்னேன். நீ சிரித்தாய். "உங்க நோட்டுலதான்ப்பா எழுதியிருக்கு. முப்பத்தி நாலாம் பக்கம். பிரேக் ஹோஸ், வளையத்தில் நம்பர் பார்க்கவும், ஒரிஜினலாக இருந்தால் மாற்ற வேண்டாம்." என் கையெழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினாய். இரண்டாவது போனில் நான் கடுமையாகப் பேசினேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய்: "அன்னைக்கு பெரியப்பா வண்டி என்னத்துக்கு இடிச்சிது? புது டூப்ளிகேட் ஹோஸ் பொட்டினதுனாலன்னு சொன்னது ஆரு? நீங்கதான? அதனாலதான் நான் எட்டு மாசம் அலைஞ்சு ஒரிஜினல் பிடிச்சேன். இப்ப அதுவும் கொள்ளாதா? பெரியப்பா தந்த வண்டில்லா, நான் எது செஞ்சாலும் உங்களுக்குக் கொள்ளாது."

நான்தான் போனை வைத்தேன். கோபத்தில் வைத்ததாக நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை. புது ஹோஸ் என்று சொன்னது நான்தான். உன்னிடம் சொன்னேன், உன் அம்மாவிடம் சொன்னேன், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் இருபத்தொரு வருடமாகச் சொன்னேன். அது பொய். அன்று குழித்துறைப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் வெடித்துப் பொட்டியது புது ஹோஸ் அல்ல, பழையது. உன் தாத்தா வாங்கிய அன்று வண்டியில் இருந்தது. அதை மறுபடியும் மாட்டச் சொன்னவன் நான். உன் பெரியப்பாவுக்குத் தெரியாமல் மாட்டச் சொன்னேன். இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி மீதியை எழுதிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

உன் தாத்தா குலசேகரத்தில் டாக்டராக இருந்தார். அந்த வண்டியைக் கழுவியது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது, அவர் நோயாளி வீட்டுக்குள் போயிருக்கும்போது பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் எண்களை வாசித்தது எல்லாம் நான். அண்ணன் பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு ரப்பர் ஷீட் வியாபாரத்துக்குப் போனான். நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துக் காலேஜில் சேர்ந்தேன். தாத்தா இறந்த எட்டாம் நாள் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார்கள். வண்டிப் பேச்சு வந்தபோது என் தாய்மாமா ஒருவர், "வண்டிய மூத்தவன் வச்சுக்கிடட்டும். நீ வாத்தியாருதானலே, காலேஜுக்கு பஸ்சு கெடக்குல்லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அந்த மாமா இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அடக்கத்துக்குப் போனேன், மண் போட்டேன், அந்த வாக்கியத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலேஜில் நான் திருத்திக் கொடுத்த ஆய்வேட்டை வைத்துப் பட்டம் வாங்கிய ஜூனியர் எனக்கு முன்னால் துறைத்தலைவர் ஆனது உனக்குத் தெரியும். எத்தனை இரவுச் சாப்பாட்டில் அதைக் கேட்டிருக்கிறாய். என் தட்டில் எப்போதும் சோற்றைவிட அதுதான் அதிகம் இருந்தது.

வண்டி கிடைக்காதவனுக்கு ஒரு நோட்டு கிடைத்தது. கண்ணாடி முத்திரைகள், டைனமோ எண்கள், இன்ஜின் வார்ப்பில் புடைத்திருக்கும் எழுத்துகள், எந்த மாதத்து வண்டிக்கு எந்தக் கதவுக் கைப்பிடி என்று பத்து வருடம் எழுதினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சவரக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போவேன். மார்த்தாண்டத்தில் ஒருவர், தன் தகப்பனார் ஓட்டிய வண்டி என்று வாசலில் பூ வைத்து நிறுத்தியிருந்தார். அது மூன்று வண்டிகளை வெட்டி ஒட்டிச் செய்தது என்று அரை மணி நேரத்தில் நிரூபித்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஏதோ ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்ததாக ஞாபகம்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு மைதானத்தில் பழைய கார் கண்காட்சி வைத்தார்கள். அண்ணன் தாத்தாவின் வண்டியைக் கொண்டுபோக ஆசைப்பட்டான். நம் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே, "லே தம்பி, ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஒரு தடவ பாத்து சொல்லுலே" என்று கேட்டான். அவன் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. வண்டி தக்கலையில் தங்கமணியின் வொர்க்ஷாப்பில் நின்றது. நான் இரண்டு நாள் அங்கே கிடந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் வண்டியைக் கெடுத்திருப்பான் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். கடைசியில் முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச்சைக் காட்டியபோது புது ஹோஸ்கள் தெரிந்தன. வளையத்தில் அந்த வருடத்து எண். இரண்டு மாதத்துக்கு முன்பு அண்ணன் மாற்றியிருக்கிறான். பழையது எங்கே என்று கேட்டேன். தங்கமணி சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருந்தான். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். வண்டி பதிவாவதற்கு ஆறு வாரத்துக்கு முந்திய எண். அந்த எண் என் கண்ணில் எப்படி மின்னியது என்று உனக்குத்தான் சொன்னால் புரியும். நீயும் அந்த நோய் பிடித்தவன்.

மாட்டு என்றேன். தங்கமணி அதைக் கையில் வாங்கிச் சற்று வளைத்துப் பார்த்தான். "சாரே, கண்ணாடிக்கு வயசு பாருங்க, இரும்புக்கு பாருங்க. இது ரப்பராக்கும். முப்பது வருசம் எண்ணெய் குடிச்ச சாதனம். இதுக்கு என்னத்துக்கு சாரே வயசு பாக்கியோ?" ரப்பரைப் பற்றிக் காலேஜில் பாடம் நடத்துகிறவனிடம் ரப்பரைப் பற்றிப் பேசுகிறாயா என்று கேட்டேன். அது உண்மையும்கூட. பதப்படுத்திய ரப்பர் வருடம் போகப் போக எப்படி இறுகும், உள்ளே எப்படி வெடிப்பு விடும், எண்ணெய் அதை என்ன செய்யும் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் எங்கள் வீட்டிலேயே தெரியுமே என்பதுபோலப் பார்ப்பார்கள். அண்ணன் ஷீட்டை நகத்தால் அழுத்தியே வயது சொல்லிவிடுவான், அதனால்தான் அந்த ஹோஸ்களை மாற்றியிருக்கிறான். எனக்கு அது தோன்றவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். தோன்றியது. தோன்றிய பிறகும், வளையத்தில் எண் இன்னும் பளிச்சென்று தெரிவதற்காக மூன்றையும் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பிரேக் ஹோஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், மக்கா. எம்.எஸ்சி. வேதியியல்.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம், கண்காட்சி முடிந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தங்கமணியிடம் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மைதானத்தில் நடுவர்கள் முன்னால் நான் குனிந்து அந்த வளையத்தைக் காட்ட வேண்டும், இதை இவர் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார், நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்ல வேண்டும், அண்ணன் நாலு பேர் முன்னால் தலையைச் சொறிய வேண்டும். இதை மூன்று நாள் மனதில் ஒத்திகை பார்த்தேன். ஒரு மனிதன் தன் அண்ணனைச் சிறுமைப்படுத்த நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் பணயம் வைத்தான் என்று வேறு யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நான்கும்தான். அந்தக் காலத்து வண்டிகளில் எண்ணெய் போகும் வழி ஒன்றுதான். ஒரு ஹோஸ் பொட்டினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இது நோட்டில் முப்பத்தைந்தாம் பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப் பக்கம்.

அண்ணன் ஓட்டும் வண்டியில் ஏறுவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம் இருந்ததால், நான் காலையில் இரணியலிலிருந்து ரயிலில் போய்விட்டேன். நீ பெரியப்பாவோடு வண்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்தாய். விட்டுவிட்டேன். மைதானத்தில் நான் தயாரித்த பாகங்களின் பட்டியலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு பத்து மணி வரை நின்றேன், பதினொன்று வரை நின்றேன். என்னிடம் அப்போது செல்போன் கிடையாது. பதினொன்றரைக்கு மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வண்டி வந்துவிட்டது, நடுவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு நடந்தேன். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் என் கையில் போனைக் கொடுத்தார். அந்த இருபது அடி நடை எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. கனவில் நான் சீப்பை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பேன், மேடை வராது.

நடந்தது இதுதான். சரிவில் முன்னால் ஒரு பஸ் நின்றது. அண்ணன் மிதித்தான், பெடல் தரைக்குப் போய்விட்டது. மறுபடி மறுபடி மிதித்துப் பார்த்திருக்கிறான். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பஸ்ஸையும் ஆற்றையும் விட்டுவிட்டு இடது பக்கம் ரோட்டு வேலைக்குக் குவித்திருந்த செம்மண்ணில் ஏற்றி, அதற்கப்பால் மதிலில் கொண்டுபோய் இடித்தான். அவன் வேகமாக ஓட்டவில்லை. வேகமாக ஓட்டியிருந்தால் இன்று நான் இதை எழுத வேண்டியிருக்காது, உனக்கு எழுத வேண்டியிருக்காது. உன் புருவத்தில் இருக்கும் ஆறு தையலின் அடையாளத்தைக் காட்டி, பெரியப்பா ஓட்டின ஓட்டம் என்று காலேஜ் நண்பர்களிடம் நீ சொல்லிச் சிரித்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். எழுந்து வரவில்லை. அவனுடைய வலது முழங்கால் போய்விட்டது. அவன் நடந்துவரும்போது முதலில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்குமே, அது நான் செய்த சத்தம்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்ப்பதற்கு முன்னால் நான் வேறொரு இடத்துக்குப் போனேன். இடித்த வண்டியை இழுத்து ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள். அடியில் படுத்து, பொட்டிய ஹோஸை வெட்டி எடுத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். நீ தையலோடு உன் அம்மா மடியில் கிடந்த நேரத்தில் நான் அந்த வேலை செய்துகொண்டிருந்தேன். பிறகுதான் ஆஸ்பத்திரி. அண்ணன் கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்தான். என் சட்டையின் முதுகெல்லாம் செம்மண். "ரெண்டு மாசம் முந்தி புதுசு போட்டேன்லா. அது எப்பிடிலே பொட்டும்?" என்றான். நான், "இப்ப வாற சாதனம் எல்லாம் டூப்ளிகேட்டுண்ணே" என்றேன். அவன் என் கையைப் பார்த்தான், அதில் பிரேக் எண்ணெய் இருந்திருக்க வேண்டும். பிறகு, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப சரி. இனி இதப்பத்தி ஒண்ணும் பேசாண்டாம்" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றே தெரிந்துவிட்டது. நான் கேட்காமலே அவன் என்னை விட்டுவிட்டான், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னைத் திட்டியிருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால், நான் அவனோடு சமமாக நின்றிருப்பேன். அவன் பேசாமல் இருந்ததால் நான் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். மலிவு சாமான் வாங்குகிறவன், கண்மூடித்தனமாக ஓட்டுகிறவன் என்று. உன்னை அவன் வீட்டுக்கு அனுப்பாமல் பார்த்துக்கொண்டேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று அவன் செருப்பை இழுத்துக்கொண்டு வந்து வண்டிச் சாவியை உன் கையில் கொடுத்தபோது நீங்கள் எல்லோரும் கண்கலங்கினீர்கள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு இன்னும் பொறாமை என்று நீ ஜெனிஷாவிடம் மெதுவாகச் சொன்னாய். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஆனால் அவன் வண்டியைத் தரவில்லை, வழக்கை என் வாசலில் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவன் அப்படி நினைத்திருக்க மாட்டான். நான்தான் எல்லாவற்றையும் அப்படி நினைக்கிறவன்.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் மகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். பாகங்களில் தேதி தேடு, வீட்டில் தேடாதே. உன் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அது எந்த வருடத்துக் கோபம், யார் வீட்டிலிருந்து வந்தது என்று டார்ச் அடித்துப் பார்த்தே நான் முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். அவள் பாதி நாள், குழம்பில் உப்பு குறைவு என்றுதான் சொல்லியிருப்பாள். ஜெனிஷா ஒன்று சொன்னால் அது இன்றைக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள். உனக்கு ஒருவன் தீங்கு செய்தால் அன்றே கேட்டுவிடு. கேட்க முடியாவிட்டால் விட்டுவிடு. வைத்திருந்தால் ரப்பர் மாதிரிதான். வெளியே பார்க்க மினுமினுப்பாக இருக்கும்.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்துவைக்க வேண்டாம். உன் அம்மாவுக்கும் இது தெரியாது, படித்ததும் அவளுக்கு அனுப்பிவிடு. பழைய கார்க்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் போடு. என் நோட்டை எத்தனை பேர் ஜெராக்ஸ் எடுத்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன், கொடுக்கும்போது பெருமையாக இருந்தது. முப்பத்திநாலாம் பக்கத்தை நம்பி எத்தனை வண்டிகள் எந்தெந்த இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. விபத்துக்குப் பிறகும் அந்த வரியை நான் அடிக்கவில்லை. அடித்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். இப்போது மூல நோட்டில் அடித்துவிட்டேன். கண்ணாடிக்கும் இரும்புக்கும் பழைய எண் பார்க்கவும், ஹோஸ், டயர், வீல் சிலிண்டர் ரப்பர் மூன்றுக்கும் புது எண் மட்டும் பார்க்கவும் என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டு இந்தப் பார்சலில் இருக்கிறது.

அதற்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி இன்னொன்று இருக்கிறது. இருபத்தொரு வருடமாக என் மேசையில், நீ சிறுவயதில் திறக்கக் கூடாது என்று அடி வாங்கிய அந்த இழுப்பறையில் கிடந்தது. வளையத்தைப் பார். நீ வாங்கியதற்கு மூன்று வாரம் முந்திய எண், அதே வருடம். ஒரிஜினல். அதைக் காதருகே வைத்து மெதுவாக வளை. உள்ளே நொறுங்கும் ஒரு சத்தம் கேட்கும். பிறகு நீ வாங்கிய பாக்கெட் பிரிக்காததில் ஒன்றைக் கழற்றி, அதையும் அதேபோல வளைத்துப் பார். நான் சொல்வதை நம்ப வேண்டாம், என்னை நம்புவதற்கு இனி உனக்குக் காரணம் இல்லை. உன் காதை நம்பு. என்றைக்காவது நீ வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், நடுவர்கள் புது ஹோஸுக்காக மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும்.

நாளை காலை நான் தக்கலைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. போனதும், "இருலே, சாயா குடிச்சியா" என்பான். அதற்குத்தான் எனக்கு அதிகப் பயம்.

கல்யாணத்தன்று நான் முன்வரிசையில் உட்கார வேண்டுமா என்று நீ முடிவு செய். வேண்டாம் என்றால் பின்னால் உட்காருவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் சர்ச்சை விட்டு வெளியே வரும்போது, எல்லோரும் உங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தரையில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது கேட்டால் அப்பாவுக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கிற குணம் என்று சொல்லிவிடு. வண்டிக்கு அந்தப் பக்கம், குனிய முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு, அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து சரி என்று தலையாட்டிய பிறகு வண்டியை எடு.

அப்பா